மூன்றாவது பிளாட்பாரம் ஏன் காலியாக இருந்தது

பிளானிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களிடம் அரை மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை. வேலையில் இருந்த காலம் முழுக்க மீட்டிங்கில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் யாராவது வாசித்தால் போதும். நான் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

திட்டம் போடுவது எப்படி என்று சொல்லப் போவதில்லை. பத்தாவதும் டைப்ரைட்டிங் லோயரும் முடித்த எனக்குத் தெரிந்ததை எல்லாம் இப்போது உங்கள் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. நான் சொல்ல நினைப்பது ஒரு ரயில் விளையாட்டைப் பற்றி. சிரிக்காமல் கேளுங்கள். சிரித்தாலும் பரவாயில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூரில் எங்கள் கம்பெனி ஷூவின் மேல்பாகத்தை மட்டும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் தோலை வெட்டுவார்கள். வெட்டிய துண்டுகளை டிரேக்களில் அடுக்கி, டிராலியில் வைத்து, லிஃப்டில் மேல்தளத்துக்கு அனுப்புவார்கள். மேலே தையல் லைன்கள் நான்கு. தைத்து முடித்தது அதே லிஃப்டில் கீழே வரும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அந்த ஒரு லிஃப்ட்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பையர், அதாவது மேல்பாகத்தை வாங்கும் வெளிநாட்டுக்காரர். முதல் லைன் ஒருவருக்கு, இரண்டாவது லைன் இன்னொருவருக்கு என்று பிரித்திருந்தார்கள். மூன்றாவது லைன் பூட்ஸ் தைத்தது. அந்த பூட்ஸ் பையர் ஆர்டரை நிறுத்திவிட்டார். மாசக் கடைசியில் மூன்றாவது லைனை மூடி, அதில் இருந்த முப்பது பெண்களையும் வீட்டுக்கு அனுப்பிவிடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அந்த லைனின் சூப்பர்வைசர் வசந்தா. நானும் அவளும் ஒரே நாளில் பேஸ்ட் ஒட்டும் மேசையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். டைப்ரைட்டிங் என்னை ஆபீசுக்குக் கொண்டுபோனது. அவள் கை வேகம் அவளை லைனின் தலைமாட்டில் நிற்க வைத்தது. வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

"நீ ஆபீஸ்ல தானே இருக்கற? இன்னா பேசிக்கிறாங்க?" என்று தினமும் கேட்பாள்.

"தெரியலடி" என்பேன். தெரிந்துதான் இருந்தது.

மற்ற லைன்களில் வேலை வழிந்துகொண்டிருந்தது. அதில் கொஞ்சத்தை மூன்றாவது லைனுக்குக் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதை ஏற்கெனவே ஒரு முறை செய்து பார்த்திருந்தார்கள். ரம்ஜானுக்கு முந்தைய வாரம், எந்த லைனில் இடம் இருக்கிறதோ அங்கே வெட்டிய சரக்கை ஏற்றுங்கள், எந்த மாலும் எந்த லைனுக்கும் போகட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இரண்டே நாளில் மேல்தளம் முழுக்க டிராலி. லிஃப்ட் கதவைத் திறக்க முடியவில்லை. ஷிப்மென்ட் தவறியது. அதற்குப் பிறகு அவர் முன்னால் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

இனி விளையாட்டுக்கு வருகிறேன்.

எங்கள் அறைக்குக் கம்ப்யூட்டர் பொருத்த வந்தவர் அதில் ஒரு ரயில் விளையாட்டையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். ஒரு நாள் எதையோ தேடும்போது திறந்துகொண்டது. திரையில் வெறும் நிலம், மலை, தண்ணீர், அங்கங்கே சின்னச் சின்ன ஊர்கள். தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன் கட்டி, வண்டி விட வேண்டியது நம் பொறுப்பு. வண்டி விட்டால் ஜனங்கள் ஏறுவார்கள், நிலக்கரி ஏறும். விடாவிட்டால் ஊர் சும்மா கிடக்கும். எனக்கு மூட மனம் வரவில்லை.

எதிர் அறையில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டவர், எங்கள் எல்லோருக்கும் அவர் 'பாய்', டீ கிளாசோடு வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கும் என் வயதுதான். பட்டன், நூல், பசை எல்லாம் அவர் பொறுப்பு.

"இன்னா எஸ்தரம்மா, டிக்கெட் குடுக்கற வேலையா?"

"ரயில் விடறேன் பாய்."

"அப்ப காவேரிப்பாக்கத்துக்கு ஒண்ணு விடு. என் மாமியார் ஊரு. ஏரிதான் இருக்குது, ரயில் இல்ல. இதுலயாவது இருக்கட்டும்."

தண்ணீர் ஓரமாக இருந்த ஒரு ஊருக்குக் காவேரிப்பாக்கம் என்று பேர் வைத்தோம். அடுத்தடுத்து வாணியம்பாடி, திருப்பத்தூர், நடுவில் பெரிதாக ஆம்பூர். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரம் ரயிலுக்குப் போனது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகைக்காக இடைவேளை நீளம். பாய் பள்ளிவாசலுக்குப் போயிருக்கும்போது நான் தனியாகத் தண்டவாளம் போடுவேன். திரும்பி வந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல், "காவேரிப்பாக்கம் வண்டி இன்னா ஆச்சு?" என்பார்.

முதலில் ஆம்பூர் ஸ்டேஷனை எப்படிக் கட்டினோம் தெரியுமா? நான்கு பிளாட்பாரம். காவேரிப்பாக்கம் வண்டிக்கு ஒன்று, திருப்பத்தூருக்கு ஒன்று, வாணியம்பாடிக்கு ஒன்று, நிலக்கரிக்கு ஒன்று. அவரவர் இடம் அவரவருக்கு. பார்க்க ரொம்ப ஒழுங்காக இருந்தது. ஆனால் நிலக்கரி வண்டி சரக்கு இறக்கி முடிக்கும்வரை அடுத்த நிலக்கரி வண்டி வெளியே நிற்கும். அது நிற்பது பொது வழியில். அதற்குப் பின்னால் திருப்பத்தூர் வண்டி. அதற்குப் பின்னால் பாயின் மாமியார் ஊர் வண்டி. உள்ளே மூன்று பிளாட்பாரம் காலியாக இருந்தும் வெளியே வரிசை.

"இடம் இருந்தும் உள்ள விடமாட்டேன்றானே" என்றார் பாய். "எவன் கட்டினான் இந்த ஸ்டேஷன?"

"நாமதான் பாய்."

எனக்கு வேடிக்கையாக இருந்தது. மேல்தளத்தில் நான்கு லைனை நாங்கள் பிரித்து வைத்திருந்ததும் இப்படித்தானே?

அடுத்த வாரம் ஸ்டேஷனை இடித்துக் கட்டினேன். வாசலில் எல்லாத் தண்டவாளங்களையும் ஒன்றோடொன்று பின்னி, எந்த வண்டியும் எந்த பிளாட்பாரத்துக்கும் போகலாம் என்று செய்தேன். வண்டி தானாகவே காலியான இடத்தைத் தேடிப் போனது. இந்தப் பக்கம் வளையும், அந்தப் பக்கம் வளையும். ஒரு சாப்பாட்டு நேரம் முழுக்க இருவரும் சாப்பிடவே மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் இன்னும் நாலைந்து வண்டி வாங்கி விட்டோம். எல்லாம் நின்றுபோனது. ஒரு வண்டிகூட அசையவில்லை. சிக்னல் கெட்டுவிட்டதா, தண்டவாளம் விட்டுப்போயிற்றா என்று தேடினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ரொம்ப நேரம் கழித்துத்தான் புரிந்தது. நான்கு பிளாட்பாரமும் நிறைந்திருந்தன. ஐந்தாவது வண்டி இடம் கிடைக்கும் என்று நினைத்து வாசல்வரை வந்து, அந்தப் பின்னலின் மேலேயே நின்றுவிட்டது. உள்ளே இருப்பது வெளியே போனால்தான் இது உள்ளே போக முடியும். இது நகர்ந்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வர முடியும். எல்லோரும் காத்திருக்கிறார்கள், யார் மேலும் தப்பில்லை.

பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நம்ம லிஃப்டு" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ரம்ஜான் முன்னாடி ஆச்சே, அதேதான். மேல வெக்க இடம் இல்லாம டிராலி லிஃப்டு வாசல்ல நின்னுச்சு. தைச்சு முடிச்சது இறங்க வழியில்ல. ஒரே பேஜார்."

அன்றைக்கு மதியம் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. எந்த லைனுக்கும் எந்த மாலும் போகலாம் என்று மேனேஜர் சொன்னது தப்பில்லை. வாசலில் நிற்க விட்டதுதான் தப்பு. அப்படியானால் எங்கே நிற்க வேண்டும்? அது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. இன்னொரு பிளாட்பாரம் கட்டினேன். அதுவும் நிறைந்தது, இடித்துவிட்டேன். வாசலை அகலமாக்கினேன். அகலமான வாசலில் இரண்டு வண்டி நின்றன.

அந்த நிலையில்தான் மேனேஜர் எங்களைப் பிடித்தார். சாப்பாட்டு மணி முடிந்து கொஞ்சம் ஆகியிருந்தது, நாங்கள் கவனிக்கவில்லை. பாய் ஸ்டூலை விட்டு எழுந்து, நூல் கலர் கேட்க வந்தவர் போல் நின்றார்.

"இன்னா இது?"

மவுஸிலிருந்து கையை எடுத்தேன். பிறகு, "ஸ்டேஷன் சார்" என்றேன்.

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "இந்த வண்டி ஏன் இங்க நிக்குது?"

"உள்ள இடம் இல்ல சார்."

"இடம் இல்லன்னா ஏன் வாசல் வரைக்கும் விட்ட?" என்றார். "எங்க அப்பா ஜோலார்பேட்டைல ரயில்வேல இருந்தாரு. உள்ள இடம் இல்லன்னா அவுட்டர்லயே நிறுத்திடுவாங்க. அங்க நின்னா யாருக்கும் தொல்லை இல்ல. நீ அவுட்டரே வெக்கலியேம்மா."

அவுட்டர்! அந்த வார்த்தை தெரியாதவர்கள் எங்கள் பக்கம் யார் இருக்கிறார்கள்? வசந்தா தினமும் பாசஞ்சரில் வருகிறவள். "அவுட்டர்ல போட்டுட்டான்" என்று அவள் கேட்டில் வாட்ச்மேனிடம் சொல்லாத வாரம் இல்லை. ஊருக்கு வெளியே முள்ளுக்காட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தி வைப்பதை எல்லோரும் திட்டிக்கொண்டே வந்திருக்கிறோம். அது ஏன் அங்கே நிற்கிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

வாசலுக்கு வெகு முன்னாலேயே ஒரு சிக்னலை வைத்தேன். வாசலுக்கும் அந்த சிக்னலுக்கும் நடுவில் எதுவும் நிற்கக் கூடாது. உள்ளே ஒரு பிளாட்பாரம் காலியானால் மட்டும் அங்கிருந்து ஒரு வண்டி புறப்படும். மூட்டை அவிழ்ந்தது போல எல்லா வண்டியும் நகர்ந்தன. மேனேஜர் நின்று பார்த்தார். பிறகு விரலை வைத்து, "இந்த மூணாவது பிளாட்பாரத்தை எடுத்துட்டா இன்னா ஆகும்?" என்று கேட்டார்.

எந்த மூன்றாவதைக் கேட்கிறார் என்று மூவருக்கும் தெரிந்திருந்தது.

எடுத்துக் காட்டினேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. மூன்றிலேயே வண்டிகள் வந்து போயின. பிறகு ஒரு நிலக்கரி வண்டிக்குச் சரக்கு இறக்க நேரமானது. அவ்வளவுதான், அவுட்டரில் வால் நீண்டு, திருப்பத்தூர் வரைக்கும் போய்விட்டது. பிளாட்பாரத்தைத் திரும்ப வைத்தேன். வால் மெதுவாகச் சுருங்கியது.

"தோலு ரயில் இல்லம்மா" என்றார் மேனேஜர். அதுவும் சரிதான். ஆனால் போகும்போது வாசலில் நின்று, "மாசம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கு. நீயே செஞ்சு காட்டு" என்றார்.

லிஃப்ட் பக்கத்தில், கீழ்த்தளத்தில், தரையில் மஞ்சள் பெயின்டால் ஒரு கட்டம் போட்டோம். அதுதான் அவுட்டர். ஏதாவது ஒரு லைனிலிருந்து காலி டிராலி கீழே வந்தால்தான் நிரம்பிய டிராலி மேலே ஏறலாம். மேலே லிஃப்ட் வாசலில் ஒரு டிரேகூட நிற்கக் கூடாது. எந்த மாலும் எந்த லைனுக்கும் போகலாம். இவ்வளவுதான் சட்டம்.

லிஃப்ட் அடைக்கவில்லை. ஆனால் வேறொன்று வந்தது. பூட்ஸ் தைத்துப் பழகிய மூன்றாவது லைனுக்கு மெல்லிய தோல் போனால் ஊசி மாற்ற வேண்டும், நூல் மாற்ற வேண்டும், எப்படித் தைப்பது என்று பார்க்க வேண்டும். டிராலி போய் நின்ற பிறகுதான் இதெல்லாம் தொடங்கும். விளையாட்டில் பிளாட்பாரத்துக்கு வண்டி எதுவென்று தெரிய வேண்டியதில்லை. இங்கே தெரிய வேண்டும். அதை நான் யோசிக்கவே இல்லை.

வழி சொன்னது வசந்தா. "ஸ்டேஷன்ல வண்டி வர்றதுக்கு முன்னாடி மைக்குல சொல்றாங்க இல்ல? இங்க மட்டும் ஏன்டி திடீர்னு வந்து நிக்குது? ஒரு சாம்பிள் ஜோடிய முன்னாடியே அனுப்பு. மிஷின ரெடி பண்ணி வெச்சிருக்கோம்." அப்படியே செய்தோம். மஞ்சள் கட்டத்தில் டிராலி நிற்கும்போதே சாம்பிள் மேலே போய்விடும்.

இப்போது நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன்.

ஒரு பையருக்கு மறுநாள் காலை கன்டெய்னர். அதில் போக வேண்டிய சின்ன லாட் ஒன்றின் தோல் நிறம் ஒத்துப்போகாமல் திருப்பி அனுப்பியிருந்தோம். மாற்றுத் தோல் ராணிப்பேட்டையிலிருந்து காலையில் வர வேண்டும். வந்ததும் வெட்டி, சாயங்காலத்துக்குள் தைக்க வேண்டும். மற்ற மூன்று லைன்களும் நிறைந்திருந்தன. அந்த லாட்டுக்காக மூன்றாவது லைனைக் காலியாக வைத்தேன். சாம்பிள் போய்விட்டது, ஊசி மாற்றியாகிவிட்டது, தோல் மட்டும் வரவில்லை.

மேல்தளத்தில் முப்பது பெண்கள் மிஷின் முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மற்ற லைன்களின் சத்தத்துக்கு நடுவே அந்த ஒரு வரிசை மட்டும் சத்தமில்லாமல் இருந்தது. கீழே மஞ்சள் கட்டத்தில் இரண்டாவது லைனின் மால் நின்றிருந்தது. கையை நீட்டினால் ஏற்றிவிடலாம்.

வசந்தா படியிறங்கி ஓடிவந்தாள். "எஸ்தரு, அவுட்டர்ல நிக்குதே, அதை அனுப்புடி."

"அது ஏறினா சாயங்காலம் வரைக்கும் எறங்காது. ராணிப்பேட்டை மால் வந்தா வெக்க இடம் இருக்காது."

"வந்தாதானே? முதலாளி மேல வர்றாராம். முப்பது பொம்பளைங்க சும்மா உக்காந்திருக்கறத பார்த்தா மாசக் கடைசி வரைக்கும்கூட வெக்க மாட்டாரு. இன்னிக்கே அனுப்பிடுவாரு. எதையாவது குடுடி. கை ஆடிக்கிட்டு இருந்தா போதும்."

யாருக்காக இதையெல்லாம் செய்கிறேனோ அவளே இப்படிக் கேட்டாள். அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. என் கை டிராலிப் பிடிவரை போனது. மனசுக்குள் ஒரு எல்லை போட்டுக்கொண்டேன். சாப்பாட்டு மணிவரை பார்ப்போம். அதற்குள் தோல் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாவிட்டால் இதை ஏற்றிவிடலாம். "மணி அடிக்கட்டும்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. படியேறி மேலே போய்விட்டாள்.

முதலாளி மேனேஜரோடு வந்தார். மூன்றாவது லைன் முன்னால் நின்றார். "இது ஏன் சும்மா இருக்கு?"

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். நான் லிஃப்ட் ஓரமாக நின்றிருந்தேன்.

"நான்தான் காலியா வெச்சிருக்கேன் சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"எதுக்கு?"

"ராணிப்பேட்டைல இருந்து தோல் வருது சார். நாளைக்கு கன்டெய்னருக்குப் போகணும். வேற லைன்ல இடம் இல்ல. இதுல வேற மால் ஏத்திட்டா அது வந்து நிக்க இடம் இருக்காது."

"எப்ப வரும்?"

"தெரியல சார்."

மேனேஜர் எனக்காக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் சொன்னது ஒன்றுதான்: "அவங்க பிளான் சார்." ஆதரவாகச் சொன்னாரா, கைகழுவிவிட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முதலாளி வாட்ச்சைப் பார்த்துவிட்டு அடுத்த லைனுக்குப் போனார்.

சாப்பாட்டு மணி அடித்தது. அதே நேரம் இன்டர்காமும் அடித்தது. பாய்.

"எஸ்தரம்மா, டிரைவரு டீக்கடைல இருந்து போன் பண்ணான். ரயில்வே கேட் போட்டுட்டானாம். நம்ம வண்டி அந்தப் பக்கம் நிக்குது."

"எவ்ளோ நேரமா பாய்?"

"கூட்ஸு ஒண்ணு அவுட்டர்ல நிக்குதாம்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் தோல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மஞ்சள் கட்டத்து டிராலியை நான் தொடவில்லை.

சாப்பாடு முடிவதற்குள் தோல் வந்தது. கட்டிங்கில் பாதிப் பேர் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தார்கள். முதல் டிராலி மேலே போனபோது மூன்றாவது லைன் தயாராக இருந்தது. எல்லா மிஷினும் ஒன்றாகக் கிளம்பிய சத்தம் கீழ்த்தளம்வரை கேட்டது. சாயங்காலம் லாட் முடிந்தது. கன்டெய்னர் போனது.

மாசக் கடைசியில் மேனேஜர் என் மேசைப் பக்கமாக வந்து, "மூணாவது லைன் இருக்கட்டும். ஆனா பிளான்ல சும்மா காலின்னு போடாத. எதுக்காக, எதுவரைக்கும்னு போடு" என்றார். இன்றைக்கு உங்கள் திட்டத்தில் காலி லைனுக்குப் பக்கத்தில் காரணமும் நேரமும் போடச் சொல்லி ஒரு கட்டம் கேட்கிறது அல்லவா? அந்த வழக்கம் அன்று தொடங்கியது. அதை வெறும் சடங்காக நிரப்பிவிடாதீர்கள். அந்தக் கட்டத்துக்குப் பின்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லா இடத்தையும் நிரப்பிவிட்டால் பார்க்க நன்றாக இருக்கும். ஒரு வண்டி தாமதமானால் அப்புறம் நகர வழி இருக்காது. காலியாக வைக்கவும் தைரியம் வேண்டும், எதுவரை வைப்பது என்ற கணக்கும் வேண்டும்.

மூன்றாவது லைன், நான் அந்தக் கட்டடத்தில் இருந்தவரைக்கும் ஓடியது. மேல்தளத்தில் அதற்கு ஜங்ஷன் என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

வசந்தா கொஞ்ச நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரம், டிபன் பாக்ஸோடு என் அறைக்கு வந்தாள். அதுவரை அவள் கம்ப்யூட்டர் பக்கம் வந்ததில்லை.

"ஏதோ ரயிலு வெச்சிக்கிட்டு எங்களையெல்லாம் உக்கார வெச்சியாமே. காட்டு பாக்கலாம்."

திறந்து காட்டினேன். பாயின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இதுல நான் எங்கடி?"

மூன்றாவது பிளாட்பாரத்தைக் காட்டினேன்.

"காலியா கெடக்குது."

"ஆமா."

திரையின் ஓரத்தில், அவுட்டரில், ஒரு வண்டி நின்றிருந்தது. மற்ற பிளாட்பாரங்கள் எல்லாம் நிறைந்திருந்தன. சிக்னல் மாறியதும் அது மெதுவாகக் கிளம்பி, வாசலில் வளைந்து, நேராக மூன்றாவதில் வந்து நின்றது. ஜனங்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். வண்டி புறப்பட்டுப் போனது. பிளாட்பாரம் மறுபடியும் காலி.

"போய்ட்டுது" என்றாள்.

"இன்னொண்ணு வரும்."

"வரட்டும்" என்று சொல்லி, மடியில் இருந்த டிபன் பாக்ஸைத் திறந்தாள். "நீயும் சாப்புடு."